யாருடைய போனில் யாருடைய சுகர்

நான் வேலை பார்த்த கிளினிக்கில் போன் மேசையை எடுத்துவிட்டார்கள். இப்போது நோயாளிகளைக் கூப்பிடுவது பதிவு செய்த ஒரு குரல். "இன்று சுகர் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்" என்று அது கேட்கிறது. எனக்கு இதில் மனக்குறை எதுவும் இல்லை. நோயாளிகள் பெருகிவிட்டார்கள், எல்லோரையும் தினமும் ஓர் ஆள் உட்கார்ந்து கூப்பிடுவது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா, போன மாதம் மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்தபோது ஒன்று கேட்டாள்.

"ஸ்க்ரீன்ல சிவப்பு வந்தா என்ன செய்யணும்னு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டோம் சிஸ்டர். எல்லாம் பச்சையா இருக்கறப்ப நீங்க யாருக்குப் போன் போடுவீங்க, என்ன பேசுவீங்க, அதைத்தான் யாராலயும் சொல்ல முடியல. எழுதிக் குடுங்களேன்."

விதிமுறைகளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் எனக்கு முடிகிறது.

நர்ஸ் படிப்பு வேலூரில். பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டு, கல்யாணம், ஒரு மகன். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இரவுப் பணி ஒத்துவராமல், மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருந்த இந்தக் கிளினிக்குக்கு வந்தேன். சுகர், பிரஷர், இதயப் பலவீனம் என்று குணமாகாத, ஆனால் கட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய நோய்களுக்கு மட்டும் அங்கே வைத்தியம். ஓய்வு பெறும்வரை வேறு எங்கும் போகவில்லை.

கிளினிக்கை நடத்தியவர் வைதேகி டாக்டர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருடைய ஒரு பழக்கம் கண்ணில் பட்டது. நோயாளி நீட்டும் லேப் ரிப்போர்ட்டை வாங்குவார். படிக்க மாட்டார். மேசைமேல் கவிழ்த்து வைப்பார். பிறகு, "சொல்லுங்கோ" என்பார். ஆத்துல யார் சமைக்கறா, ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கறேள், கால் எரியறதா என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் தாளைத் திருப்புவார். பதில் சொல்லத் தயங்குகிறவர்களிடம் கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் அவர்களே பேசிவிடுவார்கள்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்பரை முதல்ல பாத்துட்டேன்னா அப்புறம் அவா சொல்றது என் காதுல விழாது ஸ்டெல்லா. மனசுக்குள்ள திட்ட ஆரம்பிச்சுடுவேன்" என்றார்.

ஊரடங்கு வந்தபோது நோயாளிகளால் கிளினிக்குக்கு வர முடியவில்லை. அப்போதுதான் போன் மேசை தொடங்கியது. போனோடு இணையும் சுகர் மெஷினையும் பிரஷர் மெஷினையும் வீடுகளுக்குக் கொடுத்தோம். அவர்கள் வீட்டில் பார்க்கும் அளவு, செயலி வழியாக எங்கள் திரையில் வந்து நிற்கும். இயல்பாக இருந்தால் பச்சை, கொஞ்சம் ஏறி இறங்கினால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி, ஒரு போன். அதில் என்னை உட்காரவைத்தார் டாக்டர்.

"இங்கேயும் அதே மாதிரிதான். நம்பரைக் கவுத்து வெச்சுட்டுப் பேசு" என்றார்.

அதாவது, திரையில் என்ன வந்திருந்தாலும் முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்கக் கூடாது. சாப்பிட்டீர்களா, எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள். அப்புறம்தான் அளவு. இன்னொன்று: போனை மகன் எடுத்தாலும் மருமகள் எடுத்தாலும் அவர்களிடம் அளவைச் சொல்லக் கூடாது. உடம்பு யாருடையதோ அவர்களிடம்தான் பேச வேண்டும்.

இந்த வரிசை எதற்கு என்பது எனக்கு எல்லம்மாவிடம் புரிந்தது. கோயில் குளத்துப் பக்கம் பழவண்டி வைத்திருந்தவர் அவர். ஒரு காலையில் அவர் பெயர் சிவப்பில் வந்தது, முந்நூறைத் தாண்டி. கூப்பிட்டேன்.

"சாப்ட்டியா எல்லம்மா?"

"ரெண்டு இட்லி சிஸ்டர். அவ்ளோதான். மாத்திரயும் போட்டுக்கினேன்."

"இப்ப எங்க இருக்க?"

"வண்டியாண்டதான் கீறேன். ஒரு சாருக்கு மாதுளம் உரிச்சிக் குடுத்துக்கினே மெஷின்ல பாத்தேன். முந்நூறுன்னு காட்டுது. இன்னொரு மாத்திர போட்டுக்கவா?"

கையில் மாதுளம்பழச் சாறு. அந்த விரலைக் குத்தினால் இரத்தத்தோடு பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துதான் மெஷினுக்குப் போகும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலில் குத்தச் சொன்னேன். பாதிக்கும் கீழே இறங்கி வந்தது. நான் எடுத்த எடுப்பில் முந்நூறு என்று பதறியிருந்தால் அவர் இன்னொரு மாத்திரையை விழுங்கியிருப்பார்.

வேறு விதமான ஆட்களும் உண்டு. சித்திரைக்குளம் பக்கம் ராமநாதன் என்று ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். காபிக்கு முன், காபிக்குப் பின், செய்திக்கு முன், செய்திக்குப் பின் என்று பிரஷர் பார்த்துக்கொண்டே இருப்பார். கொஞ்சம் கூடினால் பயம். அந்தப் பயத்தில் அடுத்த தடவை இன்னும் கூடும். திரை முழுக்க அவர் பெயர்தான். டாக்டரே போனை வாங்கிப் பேசினார்.

"மாமா, மெஷினை மாமி கிட்ட குடுத்துடுங்கோ. வாரத்துல ரெண்டு நாள் அவா எடுத்துத் தருவா. அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்ச்சு, காலைத் தரையில வெச்சுண்டு, பேசாம உக்காந்துட்டு அப்புறம் பாருங்கோ. மத்த நாள் நீங்க நன்னா இருக்கேள்னு நெனச்சுக்கோங்கோ."

அவருக்கு மருந்தைக் கூட்டவில்லை. மெஷினைக் குறைத்தோம், பிரஷர் இறங்கியது.

இனி மோனிஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் நான் அதிகம் யோசித்தது அவள் விஷயத்தில்தான்.

மோனிஷா எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய குடும்பம் அப்போது மயிலாப்பூரில் கால்வாய்க்கரையில் இருந்தது. அம்மா செல்வி நான்கைந்து வீடுகளில் வேலை செய்பவர். அப்பா ஆட்டோ ஓட்டினார். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது, இளைக்கிறது, ஏதோ காய்ச்சல் என்று இருந்திருக்கிறார்கள். ஒரு காலை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. செல்வி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அங்கே சொன்னார்கள். அந்த வார்த்தை செல்வியின் காதை விட்டுப் போகவே இல்லை.

இது வயதான பிறகு வரும் சுகர் அல்ல, குழந்தைகளுக்கு வருவது. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடும். மாத்திரை உதவாது. சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் ஊசி, படுக்கும் முன் ஒரு ஊசி, ஆயுள் முழுக்க. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சுகர் விறுவிறுவென்று இறங்கி மயக்கம் வரும். ஏறுவது மெதுவாகக் கெடுக்கும். இறங்குவது அங்கேயே ஆளைச் சாய்த்துவிடும்.

மோனிஷா பன்னிரண்டாவது முடித்து, தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். அதற்குள் கால்வாய்க்கரை வீடுகளை எடுத்துவிட்டுக் குடும்பத்தைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து தினமும் பஸ் மாறி வருவாள். முதலில் புடவை மடிக்கும் வேலை. பேச்சும் முகமும் நன்றாக இருந்ததால் பட்டுப் பிரிவுக்கு, கல்யாணப் புடவைப் பக்கம், நிற்கவைத்தார்கள். அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை. வாடிக்கையாளரிடம் ஒரு தமிழ், எங்களிடம் ஒரு தமிழ் பேசுவாள்.

சுகர் இருப்பதைக் கடையில் சொல்லவில்லை. செல்விதான் சொல்லக் கூடாது என்றிருந்தார். "நாளைக்கி ஒருத்தன் வந்து பொண்ணு கேக்கணும்ல சிஸ்டர்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான், சிறு வயதில் சுகர் வந்தவர்கள் சிலருக்கு ஓர் அறக்கட்டளை சென்சார் கொடுக்க முன்வந்தது. ஒரு நாணயம் அளவுக்கு வில்லை. மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் அடியில் மயிர் போன்ற ஒரு இழை தோலுக்குள் இருக்கும். விரலைக் குத்தாமலே சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவெடுத்துப் போனுக்கு அனுப்பும். இறங்கினால் அலறும். வேண்டியவர்களின் போனுக்கும் பகிரலாம். மோனிஷாவின் கையில் நான்தான் ஒட்டினேன். செல்வியின் போனிலும் நான்தான் அதை ஏற்றிக் கொடுத்தேன். செல்வி அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சுகர் அம்மாவின் உள்ளங்கையில் இருந்தது.

"இனிமே எனுக்குத் தூக்கம் வரும் சிஸ்டர்" என்றார் செல்வி.

ஆனால் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஊழியர்கள் உள்ளே போகும்போது போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். போன் அருகில் இல்லாவிட்டால் சென்சார் தன்னிடமே அளவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அலறாது. இரவு வேலை முடிந்து போனைக் கையில் வாங்கியதும் அன்றைய பகல் முழுவதும் ஒரே மூச்சில் எங்கள் திரைக்கும் வந்து விழும், செல்வியின் போனுக்கும் போகும். மாம்பலம் கூட்டத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். மத்தியானம் எழுந்த ஒவ்வொரு ஏற்றத்துக்கும் செல்வி கணக்குக் கேட்பார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் மோனிஷா கிளினிக்குக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். உள்ளே சென்சார். பிய்த்து எடுத்திருந்தாள்.

"எனுக்கு இது வேணாம் சிஸ்டர். வேற யாருக்காச்சும் குடுங்க."

"என்னாச்சு மோனி?"

"நேத்து ஊட்டுக்கு அத்த வந்துச்சு. பாயசம் வெச்சாங்க. ரெண்டு ஸ்பூன் துன்னேன். ஊசி போட்டுக்கினுதான் துன்னேன். உடனே அம்மா போன எடுத்துக்கினு வந்து, பாரு பாரு எறநூத்தி நுப்பதுன்னு அத்த மூஞ்சிக்கு நேரா காட்டுது. அத்தைக்கு இன்னாத்துக்கு என் நம்பரு?" டிஷ்யூ தாளை என் பக்கம் தள்ளினாள். "காலைல கண்ணத் தொறந்தா அம்மா என் மூஞ்சியப் பாக்கறதில்ல சிஸ்டர். போனப் பாக்குது. அப்பால திட்டுது, இல்லன்னா சிரிக்குது. ஒடம்பு என்னுது. ஊசி குத்திக்கறது நானு."

டாக்டர் அறைக்கு அழைத்துப்போனேன். அங்கே அவள் என்னிடம் சொல்லாத இன்னொன்றும் வெளியே வந்தது. டாக்டர் வழக்கம்போலச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவளே பேசினாள். கடையில் சாப்பாட்டுக்கு அணி அணியாகத்தான் விடுவார்கள். தன் முறை வந்ததும் கழிவறைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வாள். வெளியே வந்தால் சில நாட்களில், "கல்யாண பார்ட்டி வந்திருக்கு, காட்டிட்டு அப்புறம் போ" என்று மேற்பார்வையாளர் நிறுத்திவிடுவார். இன்சுலின் உள்ளே போய்விட்டது, சாப்பாடு இல்லை. கை நடுங்க நடுங்கப் புடவை விரித்துக் காட்டியிருக்கிறாள். பாக்கெட்டில் இருக்கும் மிட்டாயை வாயில் போட்டுச் சமாளித்திருக்கிறாள். மத்தியானச் சரிவுகளை நானும் திரையில் பார்த்துப் போனில் கேட்டிருந்தேன். லேட்டாச்சு சிஸ்டர் என்பாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அந்த நேரம் அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று தெரியாது.

டாக்டர் கேட்டார்: "அம்மா போன்லேர்ந்து எடுத்துட்டா மறுபடியும் மாட்டிப்பியா?"

மோனிஷா நம்பாமல் பார்த்தாள். "எடுக்க முடியுமா?"

"உனக்குப் பத்தொன்பது வயசு. நீ சொன்னா ஸ்டெல்லா இப்பவே எடுப்பா. கிளினிக் மட்டும் பாக்கும். ஆனா எனக்கு ஒண்ணு பண்ணணும். கடையில ஒருத்தருக்காவது தெரியணும். யாருன்னு நீ முடிவு பண்ணு. மயக்கம் வந்தா இது சுகர்தான்னு தெரிஞ்ச ஒரு மனுஷா அந்த மாடியில இருக்கணும்."

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பகிர்வை மட்டும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். புது சென்சார் ஒட்டினேன். போய்விட்டாள்.

மறுநாள் செல்வி வந்தார். பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"இன்னா சிஸ்டர் இது? என் போன்ல ஒண்ணும் வரல. கேட்டா டாக்டரம்மா எடுக்கச் சொல்ட்டாங்கன்றா. பெத்தவ நானு. தோள்ல போட்டுக்கினு ஓடனவ நானு. எனக்கு இல்லாத உரிம உங்களுக்கா?"

அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா உங்கள சும்மா உட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று அழுதார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நான் டாக்டரிடம் போய், "நாம செய்தது சரியில்லைன்னு தோணுது" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் உயிர் ஒரு போனில் தெரியும் என்றால் நானும் இரவு பகல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டாக்டர் மறுக்கவில்லை. "செல்வி மேல தப்பே இல்லை. ஆனா நேத்து அந்தச் சென்சார் எங்க இருந்தது? டிஷ்யூ பேப்பர்ல. அம்மா போன்லயும் வரலை, நம்ம ஸ்க்ரீன்லயும் வரலை. அவ மாட்டிண்டாத்தானே யாருக்காவது தெரியும்?"

அது நியாயம்தான். ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை. அந்த வாரம் முழுக்க மோனிஷாவின் பெயர் பச்சையில் இருந்தாலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கவிதா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். சுகரைப் பற்றி ஒன்றும் பேச மாட்டேன். இன்று என்ன கலர் அதிகம் போனது, யார் வந்தார்கள் என்று கேட்பேன். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை அவளே சொன்னாள்.

"பாத்திமாக்கா கிட்ட சொல்லலாம்னு கீறேன் சிஸ்டர். எங்க செக்‌ஷன்ல பெரியவங்க. அவங்க ஊட்டுக்காரருக்கும் சுகரு. ஆனா எப்டி சொல்றதுன்னு தெரில. நீங்க வந்து சொல்றீங்களா?"

"கடைக்கா?"

"புடவ வாங்கற மாரி வாங்க."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அந்தக் கடையின் பட்டுப் பிரிவுக்குப் போனேன். மோனிஷா என்னைத் தெரியாதவள் போல, "வாங்க மேடம், முகூர்த்தப் பட்டு பாக்கறீங்களா?" என்று சுத்தமான தமிழில் கேட்டு, பாத்திமாவின் பக்கம் கைகாட்டிவிட்டு நகர்ந்தாள். பாத்திமாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முக்காடு போட்ட, நிதானமான முகம். மோனிஷா அவரிடம் பாதி சொல்லியிருந்தாள். மேலே கேமரா, சற்றுத் தள்ளி மேற்பார்வையாளர். பாத்திமா ஒரு புடவையை உதறி விரித்தார்.

"இது நல்ல பார்டர் பாருங்கம்மா" என்று உரக்கச் சொல்லிவிட்டு, குனிந்து முந்தானையை நீவுகிறமாதிரி, "சொல்லுங்க. என்ன ஆகும் அவளுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேர்க்கும். ஏசியிலயும் வேர்க்கும். கை நடுங்கும். சம்பந்தமில்லாம சிரிப்பா, இல்ல எரிஞ்சு விழுவா. செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்வா."

"மெரூன்ல வேணுமா? இருங்க, எடுக்கறேன்." அடுத்த புடவை. "அப்ப இனிப்பு குடுக்கணும். பால்கோவா குடுக்கலாமா? ஓய்வு ரூம்ல எப்பவும் இருக்கும்."

"வேணாம். அதுல கொழுப்பு, மெதுவாத்தான் ஏறும். சர்க்கரைதான். மூணு ஸ்பூன், தண்ணியில கரைச்சு. கால் மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பாக்கணும். ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் சாப்பிட வைக்கணும்."

"மயங்கிட்டா?"

"வாயில எதையும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

பாத்திமா ஒவ்வொன்றையும் முணுமுணுத்துத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு புடவைகள் மலையாகக் குவிந்துவிட்டன. பில் போடும் மேசையில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. கிளினிக் எண்ணை அவரிடம் கொடுத்தேன். குத்திப் பார்க்கும் சின்ன மெஷினையும் ஒரு பொட்டலம் சர்க்கரையையும் அவர் புடவை மடிக்கும் அட்டைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் ஒன்றும் வாங்காமல் நான் எழுந்தபோது மேற்பார்வையாளர் முறைத்தார். "அடுத்த வாரம் பொண்ணோட வர்றாங்களாம் சார்" என்றார் பாத்திமா.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. கிளினிக்கில் அரைநாள், நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் சந்தை இரைச்சல். ஒலிபெருக்கி, குழந்தை அழுகை, அதற்கு நடுவே ஒரு குரல்.

"அம்மா, பாத்திமா பேசறேன், பட்டு செக்‌ஷன். ஒரே புடவைய மடிக்கறா, பிரிக்கறா, மறுபடி மடிக்கறா. கஸ்டமர் கூப்பிடறாங்க, சிரிக்கறா. மோனின்னு கூப்பிட்டா யாரோ மாதிரி பாக்கறா. சாப்பாட்டுக்கு விடல இன்னிக்கு."

"ஊசி போட்டாளா?"

"போட்டுட்டு வந்துட்டாளாம். எங்க செக்‌ஷன்ல மலர்னு ஒரு பொண்ணு, அதுதான் பாத்ரூம்ல பாத்துச்சாம்."

"உக்கார வெச்சுட்டீங்களா? முழுங்க முடியுதா?"

"தரையில உக்கார வெச்சிருக்கேன். முழுங்கறா. சர்க்கரத் தண்ணி குடுத்துட்டுத்தான் போன் பண்றேன்."

குத்திப் பார்க்கச் சொன்னேன். நாற்பத்தெட்டு. சென்சார் என்ன காட்டுகிறதோ, அது வாசலில் ஒப்படைத்த போனுக்குப் போக வழியில்லை. என் திரையில் காலையோடு எல்லாம் நின்றிருந்தது. எனக்கு இருந்தது அந்த லேண்ட்லைன் மட்டும். வைக்காதீர்கள் என்று பாத்திமாவிடம் சொன்னேன். ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு அவர் போய்ப் போய் வந்தார். அந்தக் கால் மணி நேரம் நான் தியாகராய நகரின் தீபாவளிக் கூட்டத்தைக் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் வந்து என்ன இது என்று சத்தம் போடுவதும் கேட்டது. "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புள்ளைக்கு சுகர் எறங்கியிருக்கு" என்று பாத்திமா சொன்னதும் கேட்டது. ரகசியம் அத்தோடு போயிற்று.

இரண்டாவது அளவு எழுபத்தாறு. பிறகு மோனிஷாவின் குரலே வந்தது. "சிஸ்டர், நான்தான். நல்லா கீறேன்." அப்புறம், "எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சி சிஸ்டர்" என்றாள்.

கடைக்காரர்கள் அவளை விரட்டவில்லை. நல்லவிதமாகவே நடந்துகொண்டதாக அவர்கள் நினைத்திருப்பார்கள். டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தோம். நிற்கிற வேலை வேண்டாம் என்று சொல்லி, கீழ்த்தளத்தில், வாங்கிய துணியைப் பையில் போட்டுக் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே உட்காரலாம், நேரத்துக்குச் சாப்பிடலாம். மோனிஷா ஒரு மாதம் எங்கள் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, "உங்க பேச்சக் கேட்டுத்தான் பட்டு போச்சி" என்றாள். அது உண்மைதான். பாத்திமாவுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அன்று அவள் என்ன ஆகியிருப்பாள் என்பதும் உண்மைதான். இரண்டில் எதையும் நான் அவளிடம் வாதாடவில்லை.

பொங்கல் முடிந்ததும் அவள் அந்த வேலையை விட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. பாண்டி பஜாரில் வேறொரு பட்டுக்கடைக்கு நேராகப் போய் நின்றிருக்கிறாள். அங்கே நடந்ததை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். முதலாளியம்மா விலை, ரகம் எல்லாம் கேட்டுவிட்டு, எப்போது சேருகிறாய் என்றிருக்கிறார். இவள் சுரிதார் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக் காட்டியிருக்கிறாள்.

"இன்னாம்மா இதுன்னு கேட்டாங்க. சுகர் மெஷினுன்னேன். போன் என் பாக்கெட்லதான் இருக்கணும். சாப்பாட்டுக்கு மணி அடிச்சா கல்யாண பார்ட்டியே வந்தாலும் நான் துன்னப் போயிடுவேன். இதுக்கு ஒத்துக்கினா நாளைக்கே வரேன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"யோசிச்சாங்க. அப்பால, காஞ்சிவரத்துல போலி ஜரிகைய எப்டி கண்டுபுடிப்பன்னு கேட்டாங்க. சொன்னேன். நாளைக்கே வான்னுட்டாங்க."

போன் பாக்கெட்டில் இருந்ததால் அதன் பிறகு பகலிலும் என் திரைக்கு அவள் அளவு வந்தது. மத்தியானச் சரிவுகள் அநேகமாக நின்றுபோயின. ஏற்றங்கள் இருந்தன. ஏற்றத்தை அவளே ஊசியால் சரிசெய்வதையும் பார்த்தேன். நான் கூப்பிடவில்லை.

எனக்கு ஓய்வு வரும் சமயத்தில் ஒருநாள் அவளாகவே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "அம்மா போன்ல மறுபடி ஏத்தணும் சிஸ்டர்" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். "எல்லாம் வேணாம். எறங்கனா மட்டும் அடிக்கணும். எழுவதுக்குக் கீழ போனா அம்மாவுக்கு அடிக்கட்டும். பாயசம் துன்னா அடிக்கக் கூடாது. அப்டி வெக்க முடியுமா?"

முடியும். அந்த வசதி அதில் முதலிலிருந்தே இருந்தது. எது போக வேண்டும், எது போகக் கூடாது என்று அவளைத்தான் யாரும் கேட்டிருக்கவில்லை. அவளே தன் போனில் தொட்டுத் தொட்டு வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு செல்வியைக் கிளினிக் வாசலில் பார்த்தேன். அன்றைக்கு அழுதுவிட்டுப் போன பிறகு அவர் என்னிடம் பேசியது குறைவு. கையில் பை, பையின் அடியில் எங்கேயோ போன். முன்பெல்லாம் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேதான் நடப்பார்.

"போன் அடிக்குதா செல்வி?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். சும்மாதான் கீது." பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "மொதல்ல பயமாதான் இருந்துச்சி. அடிக்கலியே, கெட்டுப் போச்சோன்னு எடுத்து எடுத்துப் பாப்பேன். இப்ப பழகிடுச்சி. அது சும்மா கீதுன்னா என் பொண்ணு எங்கியோ நின்னு யாருக்கோ பொடவ காட்டிக்கினு கீறான்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தெருவைக் கடந்து போனார்.